குறில் வராத மோதிரம்

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்று நம்மவர்கள் சொல்லித் திரிகிறார்கள். பெரிய இடத்துக் கண்டிப்புகூடப் பெருமைதான் என்று அதற்கு உரையும் எழுதுகிறார்கள். மிகுந்த வருத்தத்தோடு சபையறியச் சொல்ல வேண்டியிருக்கிறது: இது பிழை. சின்னப் பிழையும் அல்ல. ஒரு நாட்டின் பாதிப் பேரை அம்மியும் உரலுமாக்கிய பிழை. குட்டுவது கை, வீங்குவது தலை. நடுவில் மோதிரம் வந்தால் வீக்கம் பெரிதாகுமே தவிரப் பெருமை பெரிதாகாது. இந்தப் பழமொழியைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார், கடைசியில் அவர் தலைக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் இந்தக் கதையில் வருகிறது. சின்னவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் தங்கள் உச்சந்தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பின்னால் உட்காரலாம்.

முன்னொரு காலத்தில், காக்கைக்குக் கறுப்பு இன்னும் முழுதாகப் பிடிக்காத காலத்தில், கடலோரத்தில் மணற்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் பெருமிதக்கோ. அவருடைய அமைச்சர் மணவாளர். மணவாளருக்குப் பதினெட்டு மொழி தெரியும் என்பது ஊர்ப்பேச்சு. அந்தப் பதினெட்டில் எதையும் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் சாவகத்திலிருந்து ஒரு கப்பல் வந்தது. சாவகம் என்றால் இப்போது நாம் ஜாவா என்கிறோமே, அந்தத் தீவு. கப்பல் தலைவன் அரசருக்கு ஒரு பொன்மோதிரம் கொண்டுவந்திருந்தான். அவன் பாட்டனாருக்குப் பாட்டனாரே அதைப் பழைய மோதிரம் என்றுதான் சொல்வாராம். கையில் வைத்தால் கை தாழும்; அவ்வளவு கனம். மேலே இளம் நாற்றுப் போலப் பச்சையாக ஒரு கல். மோதிரத்துக்குப் பேச்சும் வரும்.

கப்பல் தலைவனுக்குத் தமிழ் வராது. ஆகவே அவன் தரையில் குந்தினான். விரலை மடக்கி மண்ணில் மூன்று முறை மெல்லத் தட்டினான். பிறகு கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, விரல்களை விரித்து ஆட்டினான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் அரசர்.

"நம் மண்ணை வணங்குகிறான்" என்றார் மணவாளர்.

அப்போது மோதிரமே வாய்திறந்தது. "மூளையில் மூன்று தட்டு" என்றது.

"இது தெளிவு" என்றார் மணவாளர். "மூளை இருக்கும் இடம் தலை. தலையில் மூன்று குட்டு. உத்தமமான மோதிரம், அரசே."

கப்பல் தலைவன் தலையில் அடித்துக்கொண்டான். அதையும் மணவாளர் சான்றாக எடுத்துக்கொண்டார். கப்பல் போய்விட்டது.

அரசருக்கு விரல் பருமன், மோதிரமோ சிறியது. சுண்டுவிரலில்கூட எண்ணெய் போட்டுத்தான் ஏறியது. ஏறியதும் அவர் குட்டத் தொடங்கினார். மோதிரத்தின் மாயம் அப்போது விளங்கியது. முதல் குட்டில் குட்டுப்பட்டவனுக்கு 'ஏன்' என்ற சொல் போய்விடும். இரண்டாம் குட்டில் 'மாட்டேன்' என்ற சொல் போய்விடும். மூன்றாம் குட்டில் அவனுடைய பேரே போய்விடும். அந்த நேரத்தில் அரசர் எப்படித் திட்டுகிறாரோ, அவன் அதுவாகவே ஆகிவிடுவான். சமையற்காரரை 'உலக்கை' என்றார். அவர் இப்போது அடுக்களை மூலையில் சாய்ந்து நிற்கிறார். காவல் தலைவரை 'கோட்டான்' என்றார். அவர் உத்தரத்தில் உட்கார்ந்து விழிக்கிறார். அவைப் புலவரை 'ஓட்டைப் பானை' என்றார். அதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஊர் கொதித்தெழுந்திருக்க வேண்டும் அல்லவா? எழவில்லை. மணவாளர்தான் பழமொழி செய்துவிட்டாரே. "குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்" என்று அவர் பறையறைந்து சொல்லிவிட்டார். தாமே முதலில் ஒரு குட்டு வாங்கியும் காட்டினார். சனங்கள் வரிசையில் நின்று குட்டு வாங்கினார்கள். வீக்கத்தின் மேல் சந்தனம் பூசி, அது காயாமல் பார்த்துக்கொண்டார்கள். "எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு இரண்டு குட்டு" என்று சம்பந்தம் பேசினார்கள். எவனும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கும் சொல்தான் கையில் இல்லையே. ஒவ்வொரு குட்டுக்கும் மோதிரத்தின் பச்சைக் கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. அது மாணிக்கமாக மாறுகிறது என்றார் மணவாளர். அது கோபம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அந்த நாட்டில் தத்தை என்று ஒருத்தி தாழை ஓலையில் கூடையும் குடையும் முடைந்து பிழைத்தாள். அவளுக்கு ஒரே தம்பி, ஏனாதி. அரசருக்குக் குடைபிடிப்பது அவன் வேலை. ஒரு மாலை. வானத்தில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஏனாதிக்குக் கை கடுத்தது.

"அரசே, வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இப்போது குடை ஏன்?"

ணங்கென்று ஒரு குட்டு. கல் கொஞ்சம் சிவந்தது.

வீட்டுக்கு வந்தவன் தலையில் சந்தனம் இருந்தது. தத்தை உற்றுப் பார்த்தாள்.

"என்னடா இது?"

"குட்டு, அக்கா."

"வலிக்குதா? உன் பேரைச் சொல்லு பார்ப்போம்."

"ஆதி" என்றான்.

ஏனாதி என்ற பேரைப் பிரித்தால் ஏன், ஆதி. மோதிரம் 'ஏன்'-ஐ எடுத்தபோது, பேரில் இருந்ததையும் சேர்த்து உருவிக்கொண்டு போய்விட்டது. சோற்றை வேண்டுமென்றே உப்பில்லாமல் வைத்துப் பார்த்தாள். ஏன் உப்பில்லை என்று தினமும் சண்டை போடுகிறவன், தலையைக் குனிந்து தின்று முடித்தான். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "குடுத்து வெச்சவ நீ" என்றாள்.

"பெருமையை நீயே வெச்சுக்க. எனக்கு என் தம்பி போதும்" என்றாள் தத்தை.

மறுநாள் அரசருக்கு ஒரு யோசனை வந்தது. தம்முடைய வெண்கொற்றக் குடை வெயிலில் வாடுகிறதே என்று, அந்தக் குடைக்கு மேலே இன்னொரு குடை பிடிக்கச் சொன்னார். "மாட்டேன்" என்றான் ஏனாதி. ணங்கென்று ஒரு குட்டு. கல் இன்னும் சிவந்தது. அதன்பின் அவன் குடைக்குக் குடை பிடித்தான். அரசரின் குதிரைக்கும் பிடித்தான். குதிரையின் நிழலுக்கும் பிடித்தான். மறுக்கச் சொல் இல்லாதவனுக்கு வேலைக்கா பஞ்சம்? கடைசியில் ஓய்ந்துபோன கை நடுங்கிக் குடை சாய்ந்தது. அந்த இடைவெளிக்காகவே காத்திருந்ததுபோல் ஒரு காக்கை பறந்துபோனது. அரசரின் மகுடத்தில் சொத்தென்று எச்சம் விழுந்தது.

"மண்ணாங்கட்டி" என்று கத்தினார் அரசர். ணங்கென்று மூன்றாம் குட்டு.

குடை கீழே கிடந்தது. பக்கத்தில் ஒரு மண்ணாங்கட்டி கிடந்தது. அதன் உச்சியில் சந்தனம் இருந்தது.

செய்தி கேட்டுத் தத்தை ஓடி வந்தாள். அரண்மனை முற்றத்தில் கூட்டுகிறவர்கள் அதைக் குப்பையோடு தள்ளப்போகும் நேரத்தில், பாய்ந்து எடுத்துத் தன் கூடைக்குள் வைத்தாள். நிமிர்ந்து பார்த்தாள். ஐப்பசி மாதம். கிழக்கே கடலின் மேல் மேகம் எருமைக் கூட்டம் போல வந்துகொண்டிருந்தது. முதல் மழை விழுந்தால் மண்ணாங்கட்டி கரையும். மண்ணாங்கட்டி கரைந்தால் தம்பி இல்லை.

தன் தாழங்குடையைக் கூடைக்கு மேலே விரித்துப் பிடித்தாள். குடைபிடித்தவனுக்கே குடை. அப்படியே முற்றத்தின் நடுவே அரசர் வீற்றிருந்த மேடைக்கு நேரே போய் நின்றாள்.

"இவன் அக்காவா?" என்றார் மணவாளர் முகமலர்ந்து. "மூன்று குட்டு, அம்மா. உன் குலத்துக்கே பெருமை."

"பெருமையை நீங்க வெச்சுக்குங்க. என் தம்பியைக் குடுங்க. சொல்லுங்க அரசே, அவனை ஏன் மண்ணாங்கட்டி ஆக்கினீங்க?"

ணங்கென்று ஒரு குட்டு.

அரசரின் பருத்த விரலில் இறுகியதிலிருந்து, மோதிரத்தின் குரல் குட்டுப்படுகிறவரின் மண்டை எலும்பில் மட்டுமே கேட்டது. தத்தைக்குக் கேட்டது. "என்னை வீடு! என்னை வீடு!" என்று அது அலறியது.

வீடா? மோதிரத்துக்கு எதற்கு வீடு? தத்தைக்குப் புரியவில்லை. 'ஏன்' என்று கேட்கப் பார்த்தாள். நாக்கில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்புறம் நிமிர்ந்தாள்.

"எதுக்கு ஆக்கினீங்க?" என்றாள்.

அவையே ஆடிப்போயிற்று. அரசர் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் போன பிறகு இவள் எப்படிக் கேட்கிறாள்?"

"எதுக்கு என்பது வேறு சொல், அரசே" என்றார் மணவாளர், தர்மசங்கடத்தோடு.

"இன்னும் இருக்கு" என்றாள் தத்தை. "என்னத்துக்கு, எதனால, என்ன காரணம். ஒண்ணு ஒண்ணா எடுங்க, நான் நிக்கறேன்."

உண்மைதானே? கேட்பதற்கு இத்தனை சொல் வைத்திருக்கிற மொழியில், ஒரு சொல் போனதும் வாயை மூடிக்கொண்ட மணற்குன்றத்தாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"ஓடிப் போ இங்கிருந்து" என்றார் அரசர்.

"மாட்டேன்."

ணங்கென்று இரண்டாம் குட்டு. மோதிரம் இப்போது அழுதது. "மூளையில் தட்டாதே! மூளையில் தட்டு!"

தட்டாதே, தட்டு, ஒரே மூளை. கிறுக்கா இதற்கு? இல்லை, இது ஏதோ இரண்டைச் சொல்கிறது, இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. தத்தை பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். வீடு, வீடு. விடு! என்னை விடு என்கிறது. அப்படியானால் மூளை? முளை. மூளையில் தட்டாதே, முளையில் தட்டு. அட பாவி மோதிரமே, உனக்குக் குறில் வராதா?

அதுதான் விஷயம். மாதக்கணக்கில் கடலில் ஆடி ஆடி வந்ததில், அந்த மோதிரத்தின் நாக்கில் சொல்லின் முதலில் தனியாக நிற்கும் குறில் எல்லாம் நீண்டு நெடிலாகிவிட்டது. மெய்யெழுத்து பக்கத்தில் நின்று காவல் காத்த குறில் மட்டும் தப்பியது. இதைக் கண்டுபிடிக்கப் பதினெட்டு மொழி தேவையில்லை. ஒரு மொழியைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும்.

"இன்னும் நிற்கிறாயா? போகிறாயா இல்லையா?" என்றார் அரசர்.

"முடியாது" என்றாள் தத்தை.

இனி ஒரு குட்டுத்தான் பாக்கி. அதில் அரசர் வாயிலிருந்து என்ன வருகிறதோ, அவள் அதுவாகிவிடுவாள். உலக்கையோ, பானையோ, கட்டெறும்போ. எப்படியானாலும் தம்பி கரைவான். ஆகவே, அரசர் என்ன சொல்ல வேண்டும் என்பதை அவள் முடிவு செய்தாள். கோபக்காரனுக்குத் தான் என்ன சொல்லப்போகிறோம் என்பது தெரியாது. எதிரில் நிற்பவருக்குத் தெரியும்.

அவள் விறுவிறுவென்று மேடை ஏறினாள். புதிய குடைக்காரன் கையிலிருந்த வெண்கொற்றக் குடையைப் பிடுங்கினாள். தன் ஓலைக்குடையை மடக்கி வைத்துவிட்டு, முத்துக் குஞ்சம் தொங்கும் அரசகுடையை மண்ணாங்கட்டிக் கூடைக்கு மேல் பிடித்தாள். பிறகு அரசரின் இருக்கையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தும் கொண்டாள்.

அரசருக்கு முகம் வீங்கியது. "அடியே, அது வெண்கொற்றக் குடை. அதைத் தொட நீ யார்? பெரிய மகாராணியோ?"

ணங்.

ஏசுவதுபோலப் புகழ்வதும் புகழ்வதுபோல ஏசுவதும் நம் மொழிக்குக் கைவந்த கலை. வஞ்சப்புகழ்ச்சி என்று அதற்கு இலக்கணமும் உண்டு. குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை தெரியாத மோதிரத்துக்கு வஞ்சப்புகழ்ச்சியா தெரியும்? மகாராணி என்று அரசர் சொன்னார், மகாராணி ஆக்கிவிட்டது. அவளுடைய பேர் அவளைவிட்டுப் போயிற்று. நைந்த சேலை பட்டாயிற்று. தலையில் மகுடம் வந்து உட்கார்ந்தது. கூடையும் குடையும் மட்டும் கையிலேயே இருந்தன.

மகாராணி வீரர்களைப் பார்த்தாள். "அந்த மோதிரத்தைக் கழற்றுங்க."

வீரர்கள் எல்லாரும் இரண்டிரண்டு குட்டு வாங்கியவர்கள். அவர்களிடம் ஏன் இல்லை. மாட்டேன் இல்லை. கிடைத்த கட்டளைக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லாதபடி அவர்களைச் செய்துவைத்தவர் அரசர்தான். இரண்டு பேர் அவர் கையைப் பிடித்தார்கள். ஒருவன் நல்லெண்ணெய் கொண்டுவந்தான்.

"நான் அரசன்! ஏனடா பிடிக்கிறீர்கள்?" என்றார் பெருமிதக்கோ. அந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ள அங்கே ஆளில்லை.

மோதிரம் மகாராணியின் விரலில் அளவாகப் பொருந்தியது. அது பெருமூச்சு விட்டு, தன் கதையைச் சொன்னது. அதன் நெடில்களைக் குறுக்கித் தருகிறேன். அது விதைநெல்லைத் தட்டுவதற்காகச் செய்த மோதிரம். விதை தூங்குமூஞ்சி. 'ஏன் எழ வேண்டும்' என்று கேட்கும். முதல் தட்டில் அந்தக் கேள்வி போகும். 'மாட்டேன்' என்று அடம்பிடிக்கும். இரண்டாம் தட்டில் அடம் போகும். மூன்றாம் தட்டில் விதை என்ற பேர் போகும். நாற்றே என்று கூப்பிட்டால் நாற்றாக எழும். "நெல் தன் பேரை மறந்தால்தான் பயிர். மனிதன் தன் பேரை மறந்தால் என்ன ஆவான்? என்னை வைத்து எத்தனை தலையில் தட்டிவிட்டார்கள்" என்று சொல்லி, கல் சிவக்கச் சிவக்க அழுதது.

"அழுதது போதும். என் தம்பிக்கு வழி சொல்லு."

"நீலத்தில் வீதை. வீதையில் மூன்று தட்டு" என்றது மோதிரம்.

நிலத்தில் விதை. நிலம் எங்கே? கூடைக்குள்ளேதான் இருக்கிறது, சந்தனம் பூசிக்கொண்டு. மேடையோரம் மங்கலத்துக்கு வைத்திருந்த நிறைநாழியிலிருந்து ஒரு நெல்லை எடுத்து, மண்ணாங்கட்டியில் மெல்ல அழுத்தினாள். ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்று தட்டு. "ஏனாதி" என்று கூப்பிட்டாள். தன் பேர் மறந்துபோனவளுக்குத் தம்பி பேர் மறக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது வானம் இடித்தது. முதல் துளிகள் முற்றத்துக் கல்லில் தெறித்தன. அவள் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தாள். மோதிரம் துடித்தது. "கூடையை ஏடு! கூடையை ஏடு!"

எடு என்கிறது. எதை எடு? கூடையையா, குடையையா? கூடை என்றாலும் அதன் வாயில் கூடைதான். குடை என்றாலும் அதன் வாயில் கூடைதான். கூடையை எடுத்துக்கொண்டு கூரைக்குள் ஓடு என்கிறதா? குடையை எடுத்துவிட்டு மழையில் வை என்கிறதா? ஒன்று தம்பியைக் காப்பாற்றும். மற்றது அவனைச் சேறாக்கும். நடுவில் நிற்பது ஒரு மாத்திரை. கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று கணக்கு. அதைத் தாண்டி யோசிக்க மழை விடாது.

"கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள், மகாராணி. கரைந்துவிடும்" என்று கத்தினார் மணவாளர். "எனக்கு நன்றாகக் கேட்டது. கூடை. கூடையேதான்."

மணவாளருக்கு நன்றாகக் கேட்டது என்றதும், அவளுக்குப் பாதி வழி தெரிந்துவிட்டது. மீதியைக் கேட்டே தெரிந்துகொண்டாள். ஏன் இல்லை, ஆனால் வேறு சொல் இருக்கிறதே.

"எதுக்கு எடுக்கணும்?" என்றாள்.

"மாழைக்கு" என்றது மோதிரம்.

மழைக்கு. முளைக்கு மழை வேண்டும்.

இத்தனை நேரமும் விடாமல் பிடித்த குடை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதை விலக்கினாள். மழை கூடைக்குள் கொட்டியது. மண்ணாங்கட்டி இளகியது, ஓரம் உடைந்தது, சந்தனம் வழிந்தது. பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நடுவே, நூல் போல, பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்தது. அது நிமிர்ந்தது. தோளாயிற்று, கையாயிற்று, உடம்பெல்லாம் சேறாக ஓர் ஆளாயிற்று. அவன் தலைமுடியைச் சிலுப்பிக்கொண்டு, கையில் குடை இருந்தும் நனைந்துகொண்டு நிற்கிறவளைப் பார்த்தான்.

"அக்கா, குடையை வெச்சுக்கிட்டு ஏன் நனையறே?" என்றான்.

அந்த ஓர் ஏன் போதுமாக இருந்தது. மோதிரத்தின் கல்லிலிருந்து சிவப்பு மளமளவென்று இறங்கியது. பிடித்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் புறப்பட்டுச் சொந்தக்காரர்களைத் தேடிப் போயின. உலக்கை சமையற்காரராகி இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கோட்டான் காவல் தலைவராகி உத்தரத்திலிருந்து இறங்க ஏணி கேட்டது. பானை புலவராகி உடனே பாடத் தொடங்கியது. பட்டு மறுபடியும் நைந்த சேலையாயிற்று. மகாராணி தத்தையானாள். முற்றம் முழுக்க ஏன், ஏன், ஏன் என்று இடியை மிஞ்சி எழுந்தது. அத்தனையும் ஒரே ஆளைப் பார்த்துக் கேட்ட ஏன். பெருமிதக்கோ பதில் தேடினார். பிறகு குடை தேடினார். "மாட்டோம்" என்றார்கள் பிடிக்க வேண்டியவர்கள். அவர் தம் குடையைத் தாமே பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தார்.

சனங்கள் தத்தையை ஆளச் சொன்னார்கள். "ஏன்?" என்றாள். காரணம் சொன்னார்கள். "மாட்டேன்" என்றாள். காத்திருந்தார்கள். மூன்றாம் முறை பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "சரி" என்றாள். ஏனாதியை அமைச்சனாக்கினாள், எதற்கும் ஏன் என்று கேட்பது அவன் வேலை. மோதிரம் அந்தப் பருவம் மணற்குன்றத்து வயல்களை எல்லாம் தட்டி எழுப்பியது. அடுத்த கப்பலில் சாவகத்துக்குத் திரும்பிப் போயிற்று. அதை வாங்கிக்கொண்ட கப்பல் தலைவன் தரையில் குந்தி மண்ணை மூன்று முறை தட்டிக் காட்டினான். ஊரே குந்தித் தட்டிக் காட்டியது.

மணவாளர் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. மோதிரம் போவதற்கு முன்பே அவைக்கு வந்து வாதாடினார். "நான் கேட்டது மூளை. சொன்னது மூளை. மூளை என்பதே சரியான பாடம். முளை என்பது பாமரர் கொண்ட பாடபேதம்."

தத்தை பொறுமையாகக் கேட்டாள். "இரண்டு பாடத்தையும் வெச்சுக்கலாம், ஐயா. கொஞ்சம் குனியுங்க."

அவர் குனிந்தார். குட்டு வாங்கிய இடத்தில் பூசிய சந்தனம் இன்னும் காயாமல் இருந்தது. அதில் ஒரு நெல்லை ஒட்டவைத்து, தலையில் படாமல் நெல்லின் மேல் மட்டும் மூன்று முறை மெல்லத் தட்டினாள்.

"மூளையில் மூளை" என்றது மோதிரம்.

அந்தத் தை மாதம் மணவாளர் தலையில் அரைப்படி நெல் அறுத்தார்கள்.